விட்டில் சுமந்த திமிங்கலம்

புன்னைத்துறையில் ரெஜினாள் வீட்டுத் துவைகல்லின்மேல் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்த ஒரு விட்டில்பூச்சி, ஒரு திமிங்கலத்தின் பாரத்தை முழுசாகத் தன்மேல் வாங்கிக்கொண்ட அன்று, காலைப் பூசை முடிந்து சனங்கள் கோயில் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள், காற்று தென்காற்றாகத் திரும்பியிருந்தது, தேர்த்திருவிழாவுக்குக் கொடி ஏறிக் கோபுரமெங்கும் சீரியல் விளக்கு கட்டியாகிவிட்டிருந்தது, ஊரில் ஒருத்தரும் எந்த அதிசயத்துக்கும் காத்திருக்கவில்லை.

திமிங்கலம் அதற்கும் முன்னால், கிழக்கு வெளுக்கிற நேரத்திலேயே, கரையில் ஏறிவிட்டிருந்தது. குட்டிப்பருவம் தாண்டிய இளசுதான், ஆனாலும் தலைமாட்டில் நிற்கிறவன் பேசுவது வால்மாட்டில் நிற்கிறவனுக்குக் கேட்காது, அத்தனை நீளம். மேலே கருநீலம், வயிற்றில் ஏர் உழுத மாதிரி வரிவரியாக வெள்ளை. மணலில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்து, ஆழக்கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

ரெஜினாளின் புருசன் பங்கிராஸ் அந்த ஊரின் கரமடித் தலைவன். கரமடி என்றால், வள்ளத்தில் போய்க் கடலை வளைத்துப் போட்டுவிட்டு வந்து, கரையில் இரண்டு வரிசையாக ஆள் நின்று பாட்டுப் பாடி இழுக்கிற பெரிய வலை. அந்த வலையின் கயிற்றைத்தான் அவன் திமிங்கலத்தின் வாலில் கட்டினான். அந்த வரிசை ஆட்களைத்தான் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தினான். "ஏலோ" என்று தொண்டை கிழியக் குரல் கொடுத்தான். கயிறு முறுகியது, ஆட்களின் உள்ளங்கை உரிந்தது, திமிங்கலம் அசையவில்லை. அவன் போய் அதன் கண்ணுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தான். ஒரு பெரிய கதவின் தாழ்ப்பாள் அதிர்வதுபோல உள்ளே ஒரு அதிர்வு இருந்தது, அது குறைந்துகொண்டே வந்தது.

"வேற ஒண்ணும் இதக் கொல்லல்ல மக்களே," என்றான் பங்கிராஸ், திரும்பிப் பார்க்காமல். "தண்ணிக்குள்ள கனம் தெரியாம வளந்த ஒடம்பு. இப்ப அது கனமே அது நெஞ்சில ஏறி ஒக்காந்திருக்குது."

அதே நேரத்தில் ரெஜினாள் தன் வீட்டு முற்றத்தில் துணி துவைக்க வாளியோடு வந்து நின்றாள். அவள் தலைச்சுமடாக மீன் விற்கிறவள். திருவிழாவுக்காக இரண்டு நாள் சந்தைக்குப் போகவில்லை. வாதாம் மரத்திலிருந்து காய்ந்த இலையைச் சுருட்டிக் கட்டின மாதிரி ஒரு கூடு துவைகல்லின்மேல் விழுந்து கிடந்தது. அதன் வாய் பிரிந்து, நனைந்த கைக்குட்டையைப்போலக் கசங்கிய ஒன்று வெளியே வந்தது. ரெஜினாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். கசங்கல் மெள்ளப் பிரிந்தது. வாழைக்குருத்தின் பச்சையில் இரண்டு பெரிய சிறகுகள், ஒவ்வொரு சிறகிலும் தூங்கியெழுந்த குழந்தையின் கண்ணைப்போல ஒரு பொட்டு, கீழே நீளமாக இரண்டு வால். அவள் "ஏசுவே, என்ன அழகு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அவளுடைய மாமியார் காலத்திலிருந்து அசையாமல் கிடந்த அந்தக் கருங்கல், நற என்று ஒரு சத்தம் போட்டு, மணலுக்குள் ஒரு விரற்கடை இறங்கியது.

கடற்கரையில் கயிறு சட்டென்று தளர்ந்து, இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் மல்லாக்க விழுந்தார்கள். விழுந்தபடியே பார்த்தார்கள். கொடியில் கிடக்கிற வேட்டி காற்று வந்தால் எழும்புமே, அப்படித் திமிங்கலம் மணலைவிட்டு எழும்பியது. எழும்பி, வயிறு நிறைய மூச்சிழுத்து, ஊர் முழுவதும் நனைகிற மாதிரி ஒரு தடவை வெளியே விட்டது.

"கயிற்ற விட்றாதீங்கடே!" என்று கத்தினான் பங்கிராஸ். விட்டிருந்தால் அந்தத் தென்காற்று அதை மலைக்கே கொண்டுபோயிருக்கும்.

கயிற்றைத் தென்னைகளில் கட்டினார்கள், தேரின் இரும்புச் சக்கரத்தில் கட்டினார்கள், மிச்சத்தைக் கொடிமரத்தில் கட்டலாமா என்று கோயிலின் பங்குச்சாமியிடம் கேட்டு, அவர் கொஞ்சம் யோசித்துக் கட்டலாம் என்று சொன்னதும் அதிலும் கட்டினார்கள். விட்டிலையும் திமிங்கலத்தையும் சேர்த்துப் பார்க்க ஊருக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஓரிடத்தில் காணாமல்போன கனம் இன்னோரிடத்தில் இருந்துதானே ஆகவேண்டும். ரெஜினாள் விட்டிலை ஒரு விளக்குமாற்று ஈர்க்கால் நகர்த்திப் பார்த்தாள், ஈர்க்கு ஒடிந்தது. அடுத்த வீட்டுக்காரன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தான், கடப்பாரை வளைந்தது. பிள்ளைகள்தான் கடைசியாக உறுதிப்படுத்தினார்கள்: முற்றத்திலிருந்து கடற்கரைவரைக்கும் வரிசையாக நின்று, விட்டில் சிறகை விரிக்கும்போது ஒருத்தி "விரிச்சாச்சு!" என்று கூவ, அது வாய்வாயாகப் போய்ச் சேரும்போது கரையிலிருந்து "ஏறியாச்சு!" என்று பதில் வந்தது, "மடக்கியாச்சு!" என்றால் "எறங்கியாச்சு!" என்று வந்தது. அதற்குப் பிறகு சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

வானத்தில் ஒரு திமிங்கலம் நின்றாலும் மத்தியானம் உலை வைத்துத்தானே ஆகவேண்டும். கருவாடு காயப்போடுகிற பெண்கள், நிழல் விழுகிறது, சற்றுத் தள்ளிக் கட்டுங்கள் என்று சண்டைக்கு வந்தார்கள், தள்ளிக் கட்டினார்கள். சீட்டு விளையாடுகிற கிழவர்கள் அந்த நிழலோடேயே காலையில் மேற்கும் மாலையில் கிழக்குமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். அது மூச்சு விடுகிற நேரம் தெரிந்து கொடியில் கிடக்கிற துணியை எடுக்கப் பழகிக்கொண்டார்கள். கோபுரத்து மணிக்கூண்டின் சன்னல் சரியாக அதன் கண்ணுக்கு நேரே வந்ததால், கோயில்பிள்ளை மணியடிக்க மறுத்துவிட்டார். "எதிரே பச்சப்புள்ள மாதிரி முழிச்சிப் பாத்துக்கிட்டிருக்கும்போ எப்பிடி சாமி காதுல அடிக்கிறது" என்றார். மணிக்குப் பதிலாக ஆள் அனுப்பி வீடுவீடாகச் சொன்னார்கள். பெண்கள் குடத்தில் கடல்தண்ணீர் சுமந்து, கோபுரப்படியில் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றி, சன்னல் வழியாக அதன் முதுகில் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு இறங்குமுன் அந்தக் கண்ணுக்கு முன்னால் ஒரு நிமிசம் நின்று, புருசனிடம் சொல்ல முடியாததைச் சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தக் கண் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் அது பாடியது. பாட்டு காதுக்குக் கேட்கவில்லை; வீடுகளில் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் ஒரே சுருதியில் முனகின, கைக்குழந்தைகள் பால் குடிப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பின. பாட்டு முடிந்ததும் ஊரே கடலைப் பார்த்தது. கடலில் படகு எஞ்சின்களின் டபடப சத்தம் மட்டும்தான் இருந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். கடலில் இருந்தால் ஒரு துறை, காட்டில் இருந்தால் ஒரு துறை, ஆகாயத்தில் இருப்பது யாருடையது என்று கோபுரத்தடியில் நாற்காலி போட்டுப் பேசிவிட்டு, இளநீர் குடித்துவிட்டு, போகும்போது எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. எல்லோரும் திமிங்கலத்தைத்தான் பார்க்க வந்தார்கள். ரெஜினாள் முற்றத்தை எட்டிப் பார்த்தவர்கள், "இதுவா? பூச்சிதானே" என்று சொல்லிவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார்கள்.

தங்கலீலாவும் அப்படித் தண்ணீர் கேட்டு வந்தவள்தான். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள், விடுமுறையில் எல்லோரையும்போலத் திமிங்கலம் பார்க்க வந்திருந்தாள். சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தவள் துவைகல்லைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இது எப்ப வந்துது?"

"கல்லுலதான் பெறந்துது. ஏன் மோளே, தெரியுமா ஒனக்கு இத?"

"படத்துல தெரியும். நான் படிக்கும்போ எங்களுக்குச் சொல்லித்தந்த சார் மலையில இருவது வருசம் தேடினாரு, ஒரு செறகுகூடக் கெடைக்கல்ல. இனி இல்லன்னு எழுதிட்டாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திமிங்கலம் கொறையுதுன்னா ஒலகத்துக்கே தெரியும் அக்கா. இது கொறஞ்சது எங்க பத்துப்பேருக்குத்தான் தெரியும்."

விட்டிலுக்கு வாய் கிடையாது என்று அவள்தான் சொன்னாள். புழுவாக இருக்கும்போது தின்றதுதான் தீனி. சிறகு வந்தபிறகு ஒரு சொட்டுத் தேனோ தண்ணீரோ கிடையாது, ஆயுசு ஒரு வாரம்கூட இல்லை. இது பெட்டை. பொழுது சாயும்போது வாலைத் தூக்கி ஒரு மணத்தை விடும், மனிதர் மூக்குக்கு எட்டாத மணம். ஆண் விட்டில் எங்கோ மலையில் இருந்தாலும் காற்றிலேயே அதைப் பிடித்துக்கொண்டு வரும். முட்டை இட்டுவிட்டால் இதன் வேலை முடிந்தது.

ரெஜினாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்ப இதும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருக்குதா?" என்றாள். "அது பாட்டால, இது மணத்தால?"

"ஆமா அக்கா."

"யாரும் வரல்ல, என்ன?"

கேட்டுவிட்டு ரெஜினாள் வீட்டுக்குள் போய் ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தாள். காலையில் கோயில் வளாகம் கூட்டும் முறை அன்று அவளுடையது. கோபுரத்து போகஸ் லைட்டின் கீழே, கருகிய பூச்சிகளின் குவியலில், இதைக் கண்டதும் எடுத்து வைத்திருந்தாள். தீப்பெட்டிக்குள் வாழைக்குருத்துப் பச்சையில் ஒரு சிறகு, ஓரம் பொசுங்கி இருந்தது. தங்கலீலா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"ஒருத்தன் வந்திருக்கான்," என்றாள். "வழியில வெளக்கப் பாத்துட்டான். வெளக்கப் பாத்தா அதுகளுக்கு வழி மறந்துபோகும். அதையே சுத்திச்சுத்தித் தீஞ்சு விழுந்துரும்."

இதற்குள் திமிங்கலத்தின் முதுகுத்தோல் வெயிலில் வெடிக்கத் தொடங்கியிருந்தது. எத்தனை குடம் ஊற்றினாலும் போதவில்லை. அது தின்று எத்தனையோ நாளாகியிருந்தது. கனமில்லாமல் முங்க முடியாது, முங்காமல் தின்ன முடியாது. அதன் நிழலிலேயே ஊர்க்கூட்டம் கூடியது. பங்கிராஸ் எழுந்து நின்றான். அவன் இராப்பகலாகக் கயிற்றடியிலேயே கிடந்து, கண் சிவந்து, குரல் கட்டிப்போயிருந்தான்.

"நாள விடியும்போ அத வள்ளத்துல கட்டி இழுத்து ஆழத்துக்குக் கொண்டுபோய் விடுவோம். அங்க ஆளுவ கயிற்றப் புடிச்சிக்கிட்டு நிக்கட்டும். நான் வீட்டுக்கு வந்து..." அவன் தயங்கினான். "அந்தப் பூச்சிய ஒரு அடி. அது கனம் அதுக்குத் திரும்பிப்போகும். வேற வழி ஒண்ணும் எனக்குத் தெரியல்ல."

தங்கலீலா எழுந்து அது எத்தனை அரிய விட்டில் என்று சொன்னாள். யாரோ பின்னாலிருந்து, "பிள்ளே, அங்க நிக்கிறது தேர் மாதிரி இருக்குது, இங்க இருக்கிறது என் உள்ளங்கைக்குக் காணாது. எதக் காப்பாத்துறதுன்னு கேக்கவே வேண்டாமே" என்றான். நிறையத் தலைகள் ஆடின. ரெஜினாள் புருசனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வள்ளங்கள் திமிங்கலத்தை ஆகாயத்திலிருந்து இறக்கி, பெரிய நாற்றுமுடியை வாய்க்காலில் இழுப்பதுபோல அலைமேல் இழுத்துக்கொண்டு போயின. அது தண்ணீரின்மேல் காய்ந்த தேங்காய் நெற்றைப்போல உருண்டு மிதந்தது. கடலைத் தொட்டுக்கொண்டே கடலுக்குள் போக முடியாமல் கிடந்தது. பங்கிராஸ் அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சின்ன வள்ளத்தில் கரைக்கு வந்தான். நேரே வீட்டு முற்றத்துக்கு வந்து, காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். துவைகல் அதற்குள் முக்கால்வாசி மணலுக்குள் போயிருந்தது.

ரெஜினாள் வழியை மறிக்கவில்லை. வாதாம் மரத்தடியில் நின்றாள்.

"அடிக்கணும்னா அடியும்," என்றாள். "நான் தடுக்கல்ல. அந்தப் பாவப்பட்டது படுத பாட்ட நானும் கோபுரத்துல ஏறி நின்னு பாத்தவதான். ஒரே ஒரு காரியம். அடிக்கதுக்கு முன்னால இத ஒருக்கா தூக்கிப் பாரும்."

"எதுக்குட்டி?"

"சும்மா. ஒருக்கா."

பங்கிராஸ் குனிந்தான். சுட்டுவிரலை விட்டிலின் காலடியில் மெள்ளக் கொடுத்தான். விட்டில், எந்த விட்டிலும் செய்கிறதுபோல, முன்னங்காலை எடுத்து அவன் விரல்மேல் வைத்தது. ஒரே ஒரு கால். அவன் தோள்பட்டைவரைக்கும் நரம்பு இழுத்தது. சுறா மாட்டின வலையைத் தனியாளாக இழுத்தபோதுகூட அறியாத ஒரு கனம் அந்த விரலில் இறங்கியது. முழங்கால் மடங்கி மண்ணில் முட்டுக்குத்தினான். விட்டில் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எடுத்தபோது அதன் சிறகுகள் நடுங்கின. அப்போதுதான் அவன் பக்கத்தில் இருந்து பார்த்தான்: அது சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆறு காலையும் கல்லில் ஊன்றி, உடம்பை ஒரு நூல் உயரம் தூக்கி நிறுத்தி, நிறுத்தியதை இறக்காமல், பிறந்த நேரத்திலிருந்து அப்படியே நிற்கிறது. படுத்துவிட்டால் நசுங்கிவிடும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

செருப்பு கீழே விழுந்தது.

"இது ஏட்டி..." என்றான் பங்கிராஸ். "ஊருல இத்தன ஆம்பள சேந்து நவுத்த முடியாதத, இது..."

"ஆமா," என்றாள் ரெஜினாள். "வாயில ஒரு சொட்டுத் தண்ணியில்லாம."

அவன் தலையில் கட்டியிருந்த துவர்த்தை அவிழ்த்து, மரக்கொம்பில் கட்டி, விட்டிலின்மேல் வெயில் விழாமல் மறைத்தான். அவள் தீப்பெட்டியைத் திறந்து காட்டினாள், தங்கலீலா சொன்னதைச் சொன்னாள். அவன் பொசுங்கிய சிறகைப் பார்த்தான், கோபுரத்தைப் பார்த்தான். அப்புறம் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல், பங்குச்சாமி வீட்டுக்கு நடந்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் தேர். ஊர்த் திருவிழாவில் தேரன்றைக்கு விளக்கை அணைப்பது என்றால் சாதாரண காரியமா? சீரியல் செட் போட்ட கிளீட்டஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறவன்கூடப் பார்க்கிற மாதிரி போட்டிருந்தான். வெளிநாட்டிலிருந்து லீவு போட்டு வந்தவர்கள், வாணவேடிக்கை இல்லாத திருவிழாவா என்று கேட்டார்கள். பங்கிராஸ் கட்டிப்போன குரலில் பேசினான்.

"வாயில சொன்னா ஒங்களுக்கு வெளங்காது. ஆளுக்கு ஒருக்கா போய் வெரல வச்சிப் பாத்துட்டு வாங்க."

வரிசை நின்றது. கிளீட்டஸ்தான் முதலில் போனான். திரும்பி வரும்போது வலதுகையை இடதுகையால் தாங்கிக்கொண்டு வந்தான். நேரே ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனான். வெளிநாட்டுக்காரர்கள் போய்வந்தார்கள். முந்தினநாள் கூட்டத்தில் பின்னாலிருந்து பேசினவன் போய், எழும்ப மனமில்லாமல் வெகுநேரம் முழங்காலிலேயே இருந்தான். பங்குச்சாமியும் போனார். வந்து, "தேர் இருட்டிலே போகட்டும்," என்றார். "மாதாவுக்கு வழி தெரியும்."

"எஞ்சினும் வேண்டாம் சாமி," என்றான் பங்கிராஸ். "கடல்ல அந்தப் பிள்ள கூப்பிட்டுக்கிட்டே இருக்குது. நம்ம எஞ்சின் சத்தத்துல பக்கத்து வள்ளத்துக்காரன் கூப்பிடுறதே நமக்குக் கேக்காது. அது ஆளுவளுக்கு எப்பிடிக் கேக்கும்?"

தேரன்றைக்கு எப்படியும் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பக்கத்துத் துறைகளில் இருந்தவர்களும் திமிங்கலத்தைப் பார்க்க இங்கேதான் வந்திருந்தார்கள். அவர்களும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தங்கள் ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்கள். அப்படியாக அன்று சூரியன் விழுந்தபோது, அந்தக் கரை நெடுக ஒரு பல்பு எரியவில்லை, ஒரு எஞ்சின் ஓடவில்லை, வேட்டு வெடிக்கவில்லை, மைக்செட் பாடவில்லை. தேர் புறப்பட்டது. முன்னால் போகிறவரின் தோளைப் பின்னால் வருகிறவர் பிடித்துக்கொண்டு, வடத்தைக் கையாலேயே தடவிக் கண்டுபிடித்து இழுத்தார்கள். ஊர் பார்த்ததிலேயே அமைதியான தேர் அதுதான். சக்கரம் மணலில் உரசுகிற சத்தம், மல்லிகை மணம், கடலின் மூச்சு, பிள்ளைகள்கூட அழவில்லை. வானம் முழுக்க இத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்று நடுத்தெரு ஆட்கள் அன்றைக்குத்தான் கண்டார்கள்.

மேற்கில் இன்னும் சிவப்பு மிச்சமிருக்கும்போதே, ரெஜினாள் முற்றத்தில் விட்டில் வாலைத் தூக்கியது. ரெஜினாளும் தங்கலீலாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தேர் தெருமுனை திரும்பிய நேரம், சனங்களின் தலைகளுக்குமேல், மலைப்பக்கமிருந்து ஒரு இலை பறந்து வருவதுபோல ஒன்று வந்தது. கூட்டத்தில் அது கடந்துபோன இடமெல்லாம் தலைகள் தாழ்ந்து வழிவிட்டன. கோபுரத்தை ஒருதரம் சுற்றியது. கோபுரம் இருட்டாகவே இருந்தது. அது விலகி, சரிந்து, வாதாம் மரத்தைச் சுற்றி, துவைகல்லில் வந்து இறங்கியது. கோழி இறகைப்போலப் பிரிந்த அதன் மீசைகள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன.

"வந்துட்டான்," என்றாள் தங்கலீலா, கன்னத்தில் தண்ணீர் ஓட. "அக்கா, வந்துட்டான்."

ரெஜினாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் இடைஞ்சலாக இருக்கவேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விடிந்தபோது ஆண் விட்டில் போயிருந்தது. பெட்டை முதல் முட்டையைக் கல்லில் இட்டது, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, பழுப்பாக. இட்டதும் கல் அமுங்குவதை நிறுத்தியது.

கடலில், துடுப்பு மட்டும் போட்ட வள்ளத்தில், சாயங்காலமே அங்கே திரும்பிப் போயிருந்த பங்கிராஸ் திமிங்கலத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரவெல்லாம் தண்ணீர் கோரி ஊற்றிக் கை மரத்திருந்தது. நெற்றைப்போல மிதந்த அது, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு விரற்கடை தண்ணீருக்குள் இறங்கியது. மறுபடி ஒரு விரற்கடை. ஒவ்வொரு முட்டைக்கும் அதனுடைய கனத்தில் ஒரு பங்கு அதற்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று அவனுக்குத் தெரியாது; கையிலிருந்த கயிறு உயிர்வந்து கனக்க ஆரம்பித்ததை மட்டும் அறிந்தான். வெடித்த தோலைக் கடல் மூடியது. விலா மூடியது. அது பாடியது. இந்தத் தடவை பாத்திரங்கள் இல்லை, வள்ளத்தின் பலகை முனகியது, வள்ளத்தில் இருந்தவர்களின் பல் முனகியது. பாட்டு முடிந்தது. எஞ்சின் இல்லாத கடல், தட்டைப்போல, அப்படியே கிடந்து கேட்டது.

பிறகு தூரத்திலிருந்து, அடியிலிருந்து, வள்ளத்தின் பலகை மறுபடியும் முனகியது. இது அந்தப் பிள்ளையின் குரல் இல்லை. இன்னும் பெரிய, இன்னும் மெதுவான குரல்.

"அம்மக்காரி," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

பங்கிராஸ் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான்.

அந்த வாதாம் மரத்தைப் பின்னால் பச்சைப் புழுக்கள் ஒரு இலை மிச்சமில்லாமல் தின்று தீர்த்தன. மரம் மொட்டையாக நின்றபோதும் ஒருத்தரும் மருந்தடிக்கவில்லை. இலை போதாமல் போனபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் வாதாம் கொம்புகளை ஒடித்துக் கொண்டுவந்து ரெஜினாளின் முற்றத்தில் சாத்தி வைத்தார்கள். அடுத்த வருசம் திருவிழாக் கமிட்டியில் விளக்கைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது, பாதி விளக்கு என்று முடிந்தது. அதற்கடுத்த வருசமும் சண்டை நடந்தது. அதெல்லாம் பிறகு.

அன்று காலை, வள்ளம் கரையில் தட்டியதும் பங்கிராஸ் குதித்து ஓடி வந்தான். ரெஜினாள் வீட்டிலிருந்து கடலைப் பார்க்க ஓடி வந்துகொண்டிருந்தாள். சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்தில் இரண்டுபேரும் மூச்சிரைக்க எதிரெதிரே நின்று, ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"முங்கிட்டு ஏட்டி! முங்கிட்டு!"

"பறந்துட்டு! கடைசி முட்டையயும் இட்டுட்டு, கல்லுல இருந்து அப்பிடியே..."

"நீ சொல்லு."

"இல்ல, நீரு சொல்லும்."

அவன் சொன்னான். தாய் வந்ததைச் சொன்னான். இரண்டும் சேர்ந்து ஆழத்துக்குத் திரும்பியதைச் சொன்னான். வெயில் ஏறிய கடலில், கண்ணுக்கெட்டுகிற கடைசித் தூரத்தில், அது ஒருதரம் வாலைத் தூக்கிக் காட்டியது என்றான். "இத்தினிக்குண்டுதான் தெரிஞ்சுது," என்று கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, நடுவில் ஒரு அரிசி நுழைகிற அளவுக்கு இடம் விட்டுக் காட்டினான்.

"அது?" என்றான். "அது எப்பிடிப் போச்சு?"

ரெஜினாள் தலைச்சுமடு தூக்கித் தூக்கித் தேய்ந்த கழுத்தை நிமிர்த்தி, நடுத்தெருவில், திருவிழாச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளையும் எவ்வளவு அகலமாக விரிக்க முடியுமோ அவ்வளவு அகலமாக விரித்தாள்.

"இம்புட்டு," என்றாள்.